ஈரக் கை

காலை ஒன்பதரைக்கே பிளானோ நகரில் வெயில் சுள்ளென்று அடித்தது. சுங்கச் சாலையிலிருந்து இறங்கி அலுவலக வாசலில் காரை நிறுத்திய சண்முகப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருட உழைப்பு இன்று அரங்கேறுகிறது!

விமானக் கடத்தலைத் தடுக்க, விமானிகளுக்கென்றே அவள் குழு உருவாக்கிய துப்பாக்கி அது. பிடியில் படும் உள்ளங்கையை அடையாளம் கண்டு, உரிய விமானிக்கு மட்டும் பூட்டைத் திறக்கும். வேறு யார் பிடுங்கினாலும் அது வெறும் இரும்புத் துண்டு.

மனசுக்குள் ஒரு முள் மட்டும் இருந்தது. ஈரக் கையோடு செய்த நாற்பது சோதனைகளில் ஆறு முறை பூட்டு திறக்கத் தாமதமானது. கம்பெனியைத் தொடங்கிய ஜம்புநாதன் போன வாரம் அந்தப் பக்கத்தை ரிப்போர்ட்டிலிருந்து உருவிவிட்டார். "ஆர்டர் வரட்டுமுங்க, அப்புறம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

பின்னறையில் விமானி அறை போலவே இருக்கைகள் போட்டிருந்தார்கள். விமான கம்பெனியிலிருந்து நான்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள். கூடவே கேப்டன் ஆட்ரியன். தூத்துக்குடிப் பெற்றோருக்கு ஹூஸ்டனில் பிறந்தவர், இருபது வருடமாக விமானம் ஓட்டுபவர். அவர் உள்ளங்கையை ஏற்கெனவே துப்பாக்கியில் பதிவு செய்திருந்தார்கள். அதில் குண்டு கிடையாது. பூட்டு திறந்தால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான் சபரி. சோதனைப் பிரிவில் வேலை செய்யும் அவன்தான் இன்று கடத்தல்காரன். கேப்டன் சட்டென்று துப்பாக்கியை எடுத்தார். கண் இமைப்பதற்குள் பச்சை! அடுத்த சுற்றில் சபரி அதைப் பிடுங்கி விசையை இழுத்தான், அசையவே இல்லை. அறை முழுக்கக் கைதட்டல். ப்ரியாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"எப்போது டெலிவரி தருவீர்கள்?" என்று தலைமை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். ஜம்புநாதனின் முகம் மலர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, ஆட்ரியன் பேன்ட்டில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சும்மா ஆக்டிங்னு தெரிஞ்சும் கை எப்படி வேர்க்குது பாருங்க!"

ப்ரியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. வானத்தில், முதுகுக்குப் பின்னால் நூற்றைம்பது உயிர்கள் இருக்கையில், இந்தக் கை எவ்வளவு வேர்க்கும்? துடைக்க யார் நேரம் தருவார்கள்?

"கேப்டன், இன்னொரு தடவ ட்ரை பண்ணுங்க. கைய நனைச்சுக்கிட்டு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏனுங்க ப்ரியா, நல்லாத்தானே போயிட்டிருக்குது?" ஜம்புநாதன் பல்லைக் கடித்தார்.

அவள் பாட்டிலை இறக்கவில்லை. கேப்டன் கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சபரி பாய்ந்தான். கேப்டன் துப்பாக்கியை எடுத்தார். விளக்கு எரியவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. சபரியின் கை கேப்டனின் கழுத்தை வளைத்த பிறகுதான் பச்சை மின்னியது.

வேலை போனால் ப்ரியாவின் விசாவும் போகும். ஆனாலும் அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டு உடைத்தாள். பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள். "நாப்பதுல ஆறு தடவ இப்படி ஆச்சு. அந்தப் பக்கத்த மறைச்சுட்டோம். நானும் சரின்னேன்."

ஆட்ரியன் கழுத்தைத் தடவியபடி ஜம்புநாதன் பக்கம் திரும்பினார். "லேட்டாத் தெறக்கும்னு தெரிஞ்சா நான் வேற வழி பாப்பேன், ஜம்பு. கதவ அடைப்பேன், கைல கெடைச்சத வீசுவேன். தெரியாம இத நம்பி உக்காந்திருப்பேனே, அதுதான் பயமா இருக்கு."

ஜம்புநாதன் கேப்டனின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்தார். பிறகு தன் அறைக்குப் போய், உருவிய பக்கத்தை எடுத்துவந்து தலைமை அதிகாரியின் கையில் தானே கொடுத்தார். அன்று ஆர்டர் கிடைக்கவில்லை. ஆனால் குறை தீரும் வரை சோதனைக்கு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் கேப்டன்.

அவர்கள் போனதும் ப்ரியா தயங்கி, "சாரி ஜம்பு" என்றாள்.

"நீங்க எதுக்குங்க சாரி சொல்றீங்க? தப்பு பண்ணுனது நான்" என்றார் ஜம்புநாதன். "உசுரக் காப்பாத்தற பொருள்ல குறை இருக்கலாமுங்க, சரி பண்ணிக்கலாம். அத மறைச்சு வித்தா, நாமளே கொலைக்குத் துணை போன மாதிரி."