பழப்புளியில் மினுங்கிய கோதுகள்

கயெத்தானோவின் வேலையறையைத் துப்புரவாக்க அந்த வீட்டில் வேலை செய்யும் எமிலியானாவுக்கு அன்றுதான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை, நாட்டின் வடக்கில் துவக்கும் தோட்டாவும் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து றொவெல்லி என்ற பொறியியலாளர் வருகிறார், அறை பளிச்சென்று இருக்கவேண்டும் என்று வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா நின்ஃபா, சொல்லிவிட்டுப் பூசைக்குப் போயிருந்தார். அவருடைய கணவர் கயெத்தானோ முடிவெட்டப் போயிருந்தார்.

மேசையில் ஒரு மரத்தட்டு. அதில் சுண்டுவிரலிலும் மெல்லிய பித்தளைத் தோட்டாக் கோதுகள் நிறையக் கிடந்தன. மருந்தோ குண்டோ இன்னும் வைக்காத வெறுங்கோதுகள். எல்லாம் மங்கிப் பழுப்பேறியிருந்தன. போதாததற்கு ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மைக்கறை வேறு.

மன்னாரில் திருநாள் நெருங்கினால் மாதா கோயிலின் மெழுகுதிரிக் கால்களைப் பழப்புளி போட்டுத் தேய்த்தே வளர்ந்தவள் எமிலியானா. மங்கிய பித்தளையைக் கண்டால் அவள் கை சும்மா இராது. வீட்டுச் சமையலுக்கென்று காலையில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய புளி பையில் இருந்தது.

கயெத்தானோ திரும்பி வந்தபோது தட்டில் கோதுகள் பொன்னாய் மின்னின. அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“இதை யார் செய்தது?”

“நான்தான் சிஞ்ஞோரே. புளி போட்டுத் தேய்த்தேன்.” சந்தோஷமாகச் சொன்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “பிழையோ?”

அவர் கதிரையில் மெல்ல இருந்தார். பிறகு பொறுமையாகவே விளக்கினார். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கோதின் அடி விளிம்புக்குள் இருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்குவதற்குத் தகடு மெல்லியதாக இருக்கவேண்டும். ஆனால் குண்டு வேகமாகப் போக நிறைய மருந்து வைத்தால், மெல்லிய தகடு கிழிந்துவிடும். அடியில் கறுப்பு மைப் பொட்டு வைத்தவை மெல்லியவை, அவை கிழிந்தன. சிவப்பு தடித்தவை, ஊசி குத்தியும் வெடிக்கவில்லை. பல வருடம் முயன்று இடைநடுவில் கண்டுபிடித்ததுதான் பச்சை. அதைத்தான் றொவெல்லிக்குக் காட்ட இருந்தார். இப்போது பொட்டெல்லாம் அழிந்து, எது எதுவென்று தெரியவில்லை.

“மன்னியுங்கள். நான் கேட்டிருக்கவேண்டும்” என்றாள் எமிலியானா.

பிழையை உடனே ஒத்துக்கொள்கிறவர்களோடு கோபித்துக்கொண்டிருப்பது கடினம். கடவுள் மனிதரை அப்படித்தான் படைத்திருக்கிறார். கயெத்தானோ பல்கனிக்குப் போய்க் கொஞ்சநேரம் தெருவைப் பார்த்தபடி நின்றார். பூசை முடிந்து வந்த நின்ஃபா தட்டைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார்.

“அந்தப் பொட்டு எதற்கென்று இவளுக்குச் சொல்லியிருந்தீர்களா?”

“இல்லை.”

“எனக்கு?”

“உனக்கும் இல்லை.”

“நல்லகாலம், நான் துடைக்கவில்லை” என்றார் நின்ஃபா. கயெத்தானோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடிப்பு அளக்கும் கருவியை எடுத்துவந்தார். “உட்கார், எமிலியானா. ஒவ்வொன்றாக அளப்போம்.”

பின்னேரம் அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் சுவாம்பிள்ளை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

“என்னப்பா, தோட்டாத் தொழிற்சாலையில வேலை எடுத்திட்டீரோ?”

“பகிடி விடாம இஞ்சை வந்து இருங்கோ. என்ர மினுக்கலால மனுசன்ர கனவு போகப்போகுது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “தோட்டா வெல்லவேணும் எண்டு மாதாவிட்டைக் கேக்கலாமோ?”

“கடதாசிக் குறியிலதானே ஓட்டை போடப்போகுது. கேளும்.”

“முயலும் சுடுவினமாம்.”

“அப்ப முயலுக்கும் சேத்துக் கேளும். மாதா பாத்து ஒரு முடிவெடுப்பா.”

சுவாம்பிள்ளையும் சேர மூவரும் அளந்தார்கள். மூன்று குவியலாகப் பிரியவேண்டியவை பிரியவில்லை. மெல்லியதிலிருந்து தடித்ததுவரை, இடைவெளியே இல்லாமல் வரிசையாகப் போயின. கயெத்தானோ கண்ணாடியைக் கழற்றினார்.

“பச்சை எல்லாம் ஒரே தடிப்பு என்று நினைத்திருந்தேன். கோது அடிக்கும் என் அச்சு அப்படி அடிக்கவில்லை. சுட்டுப் பார்த்த சிலது தற்செயலாக நல்லதாய் அமைந்துவிட்டது.” தட்டை அருகே இழுத்தார். “சனிக்கிழமைக்கு நல்லதாய்ப் பொறுக்கி எடுக்கலாம். றொவெல்லிக்குத் தெரியாது.”

“மிச்சம்?” என்று கேட்டாள் எமிலியானா.

“நிறுவனம் ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது மிச்சமும் அதோடு கலந்து கடைக்குப் போகும். யாரோ ஒருவன் கன்னத்தைத் துவக்கில் வைத்துச் சுடுகையில் கோது கிழியும்.” சொன்னவர் தன் பேச்சைத் தானே கேட்டவர்போல நிறுத்தினார். “இல்லை. மெல்லிய கோதையே எடுத்து, மருந்தைக் குறைப்போம்.”

சனிக்கிழமை மலைப்பக்கத்துச் சுடுதிடலில், முதல் வெடிக்கு முன்பே கயெத்தானோ எல்லாவற்றையும் றொவெல்லிக்குச் சொல்லிவிட்டார். மருந்து குறைத்த தோட்டாக்கள் ஒன்றும் கிழியவில்லை, ஒன்றும் தவறவுமில்லை. மத்தியானம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் றொவெல்லி தீர்ப்புச் சொன்னார்.

“நல்ல தோட்டா. ஆனால் கடையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். அந்தக் கொஞ்சத்துக்காக யார் புதுத் துவக்கு வாங்குவார்? சுட்ட கோதைத் திரும்ப நிரப்பவும் முடியாது. எங்களால் செய்ய ஏலாது.”

எமிலியானா கோப்பையோடு அப்படியே நின்றாள். கயெத்தானோ தலையசைத்தார். அவர் எதிர்பார்த்ததுதான்; ஆனாலும் முகம் கொஞ்சம் வாடியது.

“ஆனால் ஒன்று” என்றார் றொவெல்லி. “என்னிடம் வருகிற மற்றவர்கள் கிழிந்ததைச் சட்டைப்பைக்குள் ஒளிப்பார்கள். அடுத்ததையும் எனக்கே காட்டுங்கள்.”

“அடுத்தது...” கயெத்தானோ கடதாசித் துடைப்பானில் கோடு கீறத் தொடங்கினார். “கோது இதேதான். குண்டை மட்டும் சின்னதாக்கினால்? பாரம் குறைவு. அதே மருந்துக்கு வேகமாய்ப் போகும்.”

“அதற்குத் துவக்கிலும் சின்னக் குழல் வேண்டுமே. அழுக்கும் கெதியில் அடைக்கும்.”

“அடைக்கட்டும். துடைக்கலாம்.”

றொவெல்லி தன் துடைப்பானையும் விரித்துப் பேனையை எடுத்தார். நின்ஃபா இரண்டு தட்டுகளையும் தூக்கி எமிலியானாவிடம் நீட்டினார்.

“பாஸ்தாவைத் திரும்பச் சட்டியில் போடு, மகளே. இவர்கள் இப்போதைக்குச் சாப்பிடப்போவதில்லை. நீயும் நானும் முதலில் சாப்பிடுவோம், வா.”