சாருக்குக் கோபமில்லை

ஷேக் தாவூதுக்குப் பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை இல்லையா? பாலக்கரையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் அவர். அஞ்சாம் வகுப்பு முழுக்க அவருக்குப் பிள்ளைதான். பகலெல்லாம் வாய்ப்பாடு, சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சடுகுடு. கட்டின பெண்டாட்டி நான் ஆறின சோற்றைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நினைப்பே மனுஷனுக்கு இருக்காது.

பிரம்பைத் தொடமாட்டார். டீம் தோற்றால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான் தண்டனை. பயல்கள் தாங்களாகப் பொட்டலைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, "ஓடிட்டோம் சார்" என்று பின்னால் நிற்க வேண்டும். அப்புறம் திரும்பிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கிடைக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் சோறு இறங்காது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஸ்ரீரங்கத்துப் பையன்களோடு கொள்ளிடத்து மணலில் ஆட்டம். அவருக்கு ரொம்ப நாளாக இருமல். "இன்னிக்குப் போகாதீங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! போனார்கள், தோற்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாராம். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் ரத்தமாகக் கக்கினார். டாக்டர் டி.பி. என்றார், முற்றிவிட்டது என்றார்.

"வஹீதா, டைபாய்டுன்னு சொல்லு. டி.பி.ன்னு தெரிஞ்சா ஒரு வீட்டுலேருந்தும் பிள்ளைங்கள அனுப்பமாட்டாங்க. டீமே போயிடும். எங்க ஸ்கூல் வாத்தியார் சகாயநாதன் அடுத்த வாரம் வந்து டீமைப் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அல்லாமேல ஆணையா வாயைத் திறக்காதே" என்றார் இவர்.

ஆணையிட்டேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம் பயல்கள் ஜன்னலண்டை வந்து நின்றார்கள். கேப்டன் வரதுதான் முன்னால். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்குக் குடிவந்த ரயில்வே கிளார்க் வீட்டுப் பையன்.

"ஓடிட்டோம் சார்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூச்சுப் பட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பயல்களோ சார் இன்னும் முதுகைக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். மறுநாள் கூடுதலாக ஓடினார்கள். அதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக. நாக்குத் தள்ள ஓடிவிட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "சார், அடுத்த தடவை ஜெயிச்சுடுறோம் சார்" என்பான் வரது. இவர் தலையணையைக் கடித்துக்கொண்டு இருமலை அடக்குவார். அவர்கள் போனதும், "யார் யார் வந்தானுங்க? செல்லக்கண்ணுக்கு முட்டி ஆறிடுச்சா?" என்று என்னைத் துளைத்து எடுப்பார்.

"ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன்!" என்று கத்தினேன்.

"திரும்பினா உள்ள ஓடி வந்துடுவானுங்கடி" என்றார். கண்ணில் தண்ணீர். பாவி மனுஷன், அந்த வாரம் தாண்டவில்லை.

ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பயல்களை மையவாடிக்கு வர வேண்டாம் என்று யாரோ தெருவிலேயே நிறுத்திவிட்டார்கள். புருஷன் போன பெண்டாட்டி, நான் இத்தா இருக்க உள் அறைக்குப் போய்விட்டேன். இனி நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. கொல்லைப்பக்கமாக வந்து வரது என் முன்னால் நின்றான். அழவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது.

"மாமி, சாருக்கு எங்க மேல கோவம் தீர்ந்துதா?"

அவனைக் கிட்டே வரச் சொல்லிக் கையை நீட்டினேன்.

"நன்னா ஓடினோம் மாமி. செல்லக்கண்ணு வாந்தி எடுத்தான், அப்பவும் ஓடினான். கடைசி வரைக்கும் திரும்பவே இல்லையே. நாங்க தோத்ததாலதான் சார் செத்துட்டாரா?"

ஆணையாவது ஒன்றாவது! பத்து வயசுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு காலமெல்லாம் அலைவதா? "கோவமே இல்லடா தங்கம்" என்று அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். "அவருக்கு டி.பி.டா. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் திரும்பிப் படுத்தாரு. தினம் உங்களத்தான் கேட்டுக்கிட்டே கிடந்தாரு." அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகை.

ஆணையை முறித்ததற்கு நோன்பு பிடித்தேன். ஆனால் இன்றைக்கு அந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வரது கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். மற்றப் பயல்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய், சாருக்கு நம்ம மேல கோவமே இல்லடா! டி.பி.டா! டி.பி.தான்டா!"

தெருவே கேட்டது. அம்மாக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கதவுகள் சாத்துவதும் எனக்கு உள்ளே கேட்டன.

திங்கட்கிழமை சாயங்காலம், சொன்னபடியே சகாயநாதன் சார் பொட்டலுக்கு வந்தார். என்னால் வெளியே போய்ப் பார்க்க முடியாது, காது மட்டும்தான். விசில் ஊதினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊதினார். ஒரு பயலும் வரவில்லை.