விருந்தாளி கேட்ட வளைமூக்கன்

நெர்மின் டீச்சர் குளிர்காலம் வந்தால் போதும், தலைநகர் திரானாவில் பஸ் ஏறி இந்தக் காயலுக்கு வந்துவிடுவார். காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவருக்குப் பறவை என்றால் பைத்தியம். தஃபினாவின் வீட்டு மாடியறையில் தங்கி, காலையில் தஃபினாவின் படகில் ஏறிப் பறவை பார்ப்பார். இந்த வருஷம் வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்துத்தான் ஏறினார். கழுத்தில் தொங்கிய பைனாகுலர் வெறும் நகையாகிவிட்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவரே பேச்சை எடுத்தார். "தூரத்துல இருக்கறதெல்லாம் எனக்கு இப்ப புகைதான். ஒரே ஒரு வளைமூக்கனைக் கிட்டத்துல பாத்துட்டாப் போதும். அந்த மூக்கு நீளமா போய் கீழே வளையுமே, அது கண்ணுல பட்டுட்டா அடுத்த வருஷம் வர முடியலைன்னாலும் கவலை இல்ல."

எதற்கெடுத்தாலும் டீச்சரைக் கேலி செய்யும் ஹைதார், தஃபினாவின் அண்ணன், அன்று கேலியை விட்டுவிட்டான். அவருக்கு ராக்கிச் சாராயம் ஊற்றி வைத்துவிட்டு ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் அனுப்பிய பேச்சே அந்த வீட்டில் கிடையாது. ஒருமுறை யாரோ ஒருவர் அடுப்படிக் கதவைப் பார்த்து நல்ல கதவு என்று சொல்லிவைக்க, அவர்கள் அப்பா அதைக் கழற்றி அவர் வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா புகைந்துகொண்டே சமைத்தாள்.

ஹைதார் ஒரு காலத்தில் பேர்போன வேட்டைக்காரன். தஃபினா நாணலுக்குள் உட்கார்ந்து வளைமூக்கனைப் போலவே விசிலடிப்பாள்; நம்பி இறங்கி வருவதை அவன் சுடுவான். வேட்டைக்குத் தடை வந்த பிறகு, பறவை காட்டும் படகுக்கு அனுமதி கேட்டுச் சரணாலய ஆபீசுக்கு அவள் நடையாய் நடந்தாள். "உங்க வீட்டு லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டாலும் அன்னிக்கே அனுமதி போயிடும்" என்று மிரட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஹைதார் ரொட்டிமேல் கைவைத்துத் தங்கைக்கு வாக்குக் கொடுத்தான், காப்பாற்றியும் வந்தான். துப்பாக்கியை மட்டும் ஒப்படைக்கவில்லை. மாவுப்பெட்டிக்குப் பின்னால் அது இருப்பது தஃபினாவுக்குத் தெரியும். தெரியாதவளைப் போல மாவெடுப்பாள். படகு ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும்.

காலையில் அண்ணனின் படுக்கை காலியாக இருந்தது. வலை பார்க்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு தஃபினா படகை எடுத்தாள். நாணல் ஓரமாகவே கழி ஊன்றித் தள்ளிப்போய், எல்லைக் கயிற்றருகே நிறுத்தினாள்.

"இருக்கா?" என்றார் டீச்சர்.

"இருக்கு டீச்சர். அந்தச் சேத்துல ஒரு கூட்டமே மேயுது."

"கடவுள் மாதிரிதான். இருக்குன்னு நீ சொல்றே, நான் நம்பிக்கிறேன். கொஞ்சம் கிட்டப் போலாமா கண்ணு?"

"கயித்தைத் தாண்டக் கூடாது டீச்சர்."

"சரி, சரி" என்று டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் 'சரி' தஃபினாவுக்குத் தாங்கவில்லை. விசிலடித்துப் பறவையை ஏமாற்றவும் கூடாது என்பது சட்டம். சட்டத்தைச் செய்தவர்கள் யாரும் இந்தப் படகில் உட்கார்ந்து இந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைக் குவித்தாள்.

ஒரு வளைமூக்கன் கூட்டத்திலிருந்து எழும்பிப் படகை நோக்கித் தாழப் பறந்து வந்தது. "டீச்சர், மேலே பாருங்க, வருது!" என்றாள். டீச்சர் தலையை நிமிர்த்தியபோது நாணலுக்குள் துப்பாக்கி வெடித்தது.

காயலில் இருந்த பறவை அத்தனையும் ஒரே இரைச்சலாகக் கிளம்பியது. நாணலை விலக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஹைதார் வந்தான். துப்பாக்கி தோளில் தொங்க, இரண்டு கையிலும் பறவையை ஏந்தியிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. விருந்துக்குப் பலகாரம் கொண்டுவருகிறவனைப் போல அதை டீச்சர் மடியில் வைத்தான்.

"இந்தாங்க டீச்சர். இப்ப கிட்டத்துல பாருங்க."

"அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே! வாக்குக் கொடுத்தியே அண்ணா!"

"கொடுத்தேன்தான். அந்தப் பாவம் என் தலைமேல கிடக்கட்டும். நம்ம வீட்டு ரொட்டியைச் சாப்பிட்டுட்டு ஒண்ணு கேட்டாங்க, அதைக் கொடுக்காம எப்படி அனுப்புறது? நீயுந்தானே விசிலடிச்சே?"

தஃபினா கழியைப் படகுக்குள் போட்டாள்.

டீச்சரின் விரல்கள் சிறகின்மேல் அப்படியே நின்றன. "ஐயோ, இன்னும் சூடா இருக்கே" என்றார். பிறகு, "இதையா நான் கேட்டேன் ஹைதார்? நான் இதையா கேட்டேன்?"

ஹைதாரின் சிரிப்பு அணைந்தது. தான் செய்ததில் எது தப்பு என்று தங்கையின் முகத்தில் தேடினான். அவனைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. சரணாலயக் காவலர் குய்த்திமின் படகு. ஹைதாருக்கு அப்போதுதான் உறைத்தது. "துப்பாக்கியை நான் சேத்துல புதைச்சிடறேன். நீ அந்தப் பறவையைப் பிடுங்கித் தண்ணியில எறி. யாரோ வெளியூர்க்காரன் சுட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லு. சீக்கிரம்டி!"

தஃபினா கையை நீட்டினாள்.

டீச்சருக்கு மோட்டார் சத்தமும் கேட்கவில்லை, இவர்கள் பேச்சும் கேட்கவில்லை. பறவையைத் தூக்கி, மூக்கு இமையில் உரசுமளவு கிட்டத்தில் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து நீர் தாரையாக வடிந்துகொண்டிருந்தது. ஒரு விரல் அந்த மூக்கின் அடியிலிருந்து நுனிவரை மெல்லப் போனது, திரும்பவும் அடியிலிருந்து போனது. "இவ்வளவு வளைவா!" என்று தனக்குத்தானே சொன்னார். "இத்தனை வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்லையே."

விருந்தாளி கையிலிருந்து ஒன்றைப் பிடுங்க அந்த வீட்டில் யாருக்கும் வராது. தஃபினாவின் கை பாதியில் நின்று, தானே திரும்பி வந்தது. அவள் பலகையில் உட்கார்ந்தாள்.

"விடு அண்ணா" என்றாள். "பாத்து முடிக்கட்டும்."

குய்த்திமின் படகு நாணல் திருப்பத்தில் தெரிந்தது.