அண்ணனுக்குத் தனி அளவு

மருத்துவக் கல்லூரி வகுப்பில், மூச்சை அளக்கும் மெஷினில் ஊதிக் காட்ட ஆள் கிடைக்கவில்லை என்று டாக்டரம்மா தன் அண்ணனையே இழுத்து வந்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பாடமும் ஆயிற்று, அவன் நச்சரிப்புக்கு ஒரு முடிவும் ஆயிற்று என்பது அவள் கணக்கு. அவன் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். மூச்சு வாங்குகிறது, தூசி இல்லாத பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடு என்று ஒரு வருஷமாக அவளைப் பிடுங்கி எடுக்கிறான். போன வருஷமே சோதித்து, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வேலைக்குச் சோம்பல்பட்டு நடிக்கிறான் என்று அண்ணியிடம் போட்டுக் கொடுத்ததும் சாட்சாத் அவளேதான்.

அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். குழாயை வாயில் வைத்து, கண் பிதுங்க ஊதினான். ஊதி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

மெஷினில் வயது, உயரம், இனம் எல்லாம் குறிக்க வேண்டும். குறிக்க வந்த மாணவி அவசரத்தில் ‘வெள்ளையர்’ என்பதைத் தட்டிவிட்டாள். திரை சிவந்தது. நுரையீரல் கெட்டிருக்கிறது என்றது.

“அடிப்பாவி, என்னை வெள்ளைக்காரனாக்கிட்டியே!” என்றான் அண்ணன்.

வகுப்பே குலுங்கியது. டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே தங்கள் இனமான ‘கறுப்பர்’ என்று மாற்றினாள். திரை பச்சையானது. நார்மல்.

“மேடம், அதே மூச்சுதானே?” என்றாள் மாணவி.

“கறுப்பர்களுக்கு நுரையீரல் பிறவியிலேயே கொஞ்சம் சின்னது. அதனால எதிர்பார்க்கிற அளவையும் குறைச்சுக்கணும்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பரீட்சையில் எழுதி முதல் மார்க் வாங்கிய பதில் அது. பருத்தித் தோட்டங்களில் கறுப்பின அடிமைகளை ஊதவைத்து ஆரம்பித்த கணக்கு என்பதையும் அவள் படித்திருந்தாள். அவள் படித்த காலத்தில் வகுப்பில் ஒரே கறுப்பினப் பெண் அவள்தான். ஏன் சார் என்று கேட்டால், இவளுக்கெல்லாம் எதற்கு டாக்டர் படிப்பு என்பார்களோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு வரி மாறாமல் ஒப்பித்தாள். அதைப் பயம் என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சாமர்த்தியம் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான். “சின்னதா? பொறந்தப்போ யாரு வெளியே எடுத்துப் பாத்தா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடப் பிறந்தவன் இருமுவதை நம்பாமல் ஒரு பொத்தானை நம்பியிருக்கிறாள். வெட்கக்கேடு.

அவள் முகம் போன போக்கு அண்ணனுக்கே பொறுக்கவில்லை. படிக்கிற பிள்ளைகள் முன்னால் தங்கச்சிக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்று பதறினான்.

“நான்தான் சரியா ஊதலையோ என்னவோ. இன்னொரு தடவை ஊதறேன். நீயே சரியானதை அழுத்திக்கோ.”

“வேண்டாம்ணா.” குழாயை அவன் கையிலிருந்து வாங்கினாள். “நீ ஒழுங்காத்தான் ஊதினே. போன தடவையும்.”

“பச்சைன்னு காட்டுச்சே?”

“அந்தப் பச்சை நான் போட்டது.”

அவன் பச்சைத் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்போ அந்தத் தூசியில இருந்து என்னைப் போன வருஷமே மாத்தியிருக்கலாமா?”

மாணவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“மாத்தியிருக்கலாம்,” என்றாள்.