இரண்டு கடைவாய்ப் பற்கள்

கறுப்புத் துணிமேல் இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடந்தன. ஒன்று யாரோ ஒருவர் வாயில் நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்தது. மற்றது அதற்கு ஜோடியாக அண்ணி பீங்கானில் செய்தது.

செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்று ஆள் தேடியது. லேப்பே நிஜப் பல் ஒன்றைத் தபாலில் அனுப்பி வைத்தது; அச்சு அசலாக அதைப்போல் ஒன்று செய்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. பல் மேட்டின் நுனியிலிருந்து பள்ளத்தின் அடிவரை எங்கும் மங்கல் கூடாது. இன்று மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். பிள்ளைகள் பிறந்தபின் பதினோரு வருஷமாக அண்ணி இந்த வேலையைத் தொடவில்லை. கை மறந்துவிட்டதா இல்லையா என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும்.

படமெடுக்க வந்தவள் நாத்தனார், அண்ணனின் தங்கை. கல்யாண வீடுகளில் அவளுக்கு நல்ல பெயர். வந்ததும் முக்காலியை நிறுத்தி, கிட்டத்து லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தாள். பல்லின் மேடு பளிச்சென்று தெரிந்தது, பள்ளம் பஞ்சு மாதிரி மங்கியது. லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்கிப் பார்த்தாள். இப்போது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மங்கலாக வந்தது.

ஒரே படத்தில் இது அடங்காது என்றாள். குவியத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி முப்பது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். அதுவரை மேஜை இம்மியும் அசையக் கூடாது.

வீடு மாடியில், தரை பலகை. பிரிட்ஜை நிறுத்தினார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள். பதினெட்டாவது படத்தில் அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். சேர்த்துப் பார்த்தால் பல்லுக்கு இரண்டு விளிம்பு. நாத்தனார் அண்ணனை சோபாவில் உட்கார வைத்து, காலையும் மேலே தூக்கிக்கொள்ளச் சொன்னாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் ஆடாம உட்காரலடி."

"அதான் ஆல்பம் பூரா உன் முகம் ரெண்டா இருக்கு."

மறுபடி முப்பது. விரல் பட்டால்கூட ஆடும் என்று பொத்தானைத் தொடாமல், கேமராவே இரண்டு நொடி பொறுத்துத் தானாக எடுக்கும்படி வைத்தாள். இந்த முறை எல்லாம் பொருந்தியது. அண்ணி காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் நாத்தனார் படத்தைத் திருத்தியும் முடித்திருந்தாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைக்காமலே பார்த்தாள். இரண்டு பல்லும் சர்க்கரைக் கட்டி மாதிரி வெள்ளையாக, மழமழவென்று இருந்தன.

"ரெண்டையும் மேக்கப் போட்டு மேடையில உட்கார வச்சிட்டியா?"

"அழுக்கா இருந்துச்சு அண்ணி. பள்ளத்துல எல்லாம் பழுப்புக் கோடு. துடைச்சேன்."

"அந்தக் கோட்டை வரையத்தான் எனக்கு மூணு நாள் ஆச்சு, பாப்பா."

நாத்தனாருக்கு முகம் சுருங்கிப்போனது. கல்யாணப் பெண்களின் மருவையும் தழும்பையும் அழித்து அழித்து, கறை என்றால் கை தானாகப் போய்விடுகிறது என்றாள். மணி நான்கு பத்து. நல்லவேளை, சேர்த்த படம் திருத்தாமல் அப்படியே பத்திரமாக இருந்தது. அண்ணி பூதக்கண்ணாடியுடன் மேஜைமேல் இருந்த பற்களைப் பார்க்க, நாத்தனார் திரையில் புள்ளி புள்ளியாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

"இது?"

"நான் போட்டது. விடு."

"இது?"

"அந்த மனுஷன் குடிச்ச டீ. அதையும் விடு."

"மேல கறுப்பா ஒண்ணு நிக்குதே?"

"அது துணியோட நூலு. எடு."

அப்படி மொத்தம் ஆறே ஆறு தூசியை எடுத்தார்கள். கடைசியாக விளிம்புகளைக் கொஞ்சம் கூர்மையாக்கினாள் நாத்தனார். இன்னும் கொஞ்சம் கூட்டேன் என்றார் சோபாவிலிருந்து அண்ணன். கூட்டினால் ஓரத்தில் இல்லாத வெள்ளைக் கோடு முளைக்கும் என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டாள். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் படம் போனது. அதற்குப் பிறகுதான் அண்ணன் காலைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை நாத்தனாரின் போன் அடித்தது.

"பாப்பா, லேப்ல இருந்து பதில் வந்திருக்கு."

"என்னவாம்?"

"படம் ரொம்பத் தெளிவா இருக்காம். ஆனா ரெண்டுல நான் செஞ்சது எதுன்னு குறிக்காம விட்டுட்டேனாம். அவங்க நாலு பேரு பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தாங்களாம். எதுன்னு எழுதுங்கன்னு கேக்கறாங்க."

நாத்தனார் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "எழுதிட்டீங்களா அண்ணி?"

"இன்னும் இல்ல." அண்ணி காபியை ஆற அமர ஒரு வாய் குடிப்பது போனில் கேட்டது. "இன்னும் ஒரு பத்து நிமிஷம் பார்க்கட்டுமே."