தோல் முதலில் புறப்பட்டது

செண்பகவடிவின் வலிப்பு ஊரை விட்டுப் போய்விட்டது. புது மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம், அது தலை சீவி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியது.

மறுநாள் அவள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. சும்மா சிவப்பில்லை. எதிர்வீட்டுக்காரர் அந்த வெளிச்சத்தில் பேப்பர் படித்து முடித்தார்.

நாத்தனார் ஆவுடை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மைனி, அம்மா வந்திருக்கா.”

“அம்மையில்லட்டி. மாத்திரை ஒத்துக்கல. அதத் தந்த டாக்டரம்மாவப் பாக்கணும்.”

“அம்மை போட்ட ஒடம்போட ஆஸ்பத்திரிக்கா? தெய்வக்குத்தம் ஆயிரும். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது.”

“அப்ப மாத்திரையையாவது நிறுத்து.”

“அது வலிப்புக்குள்ளதுல்லா? அம்மை ஒண்ணுஞ் சொல்லாது. வாயத் தொறங்க.”

மாத்திரைக்கு வழி தெரியும். தானே இறங்கிப் போயிற்று.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். மதியத்துக்குள் அது தோப்பானது. வாசல் ஒரு மைல் தள்ளிப் போய் நின்றது. மேளம் வந்தது.

சேதி கேட்டு வண்டியோடு வந்த டாக்டரம்மா தோப்புக்கு அப்பாலிருந்து கத்தினார்.

“மாத்திரைய உடனே நிறுத்துங்க! வண்டி நிக்குது, வாங்க! வேற மாத்திரை இருக்கு!”

மேளச் சத்தத்தில் ஆவுடைக்கு அது கேட்கவில்லை. செண்பகவடிவுக்குக் கேட்டது. அவள் நடந்தாள். கூடம் நீண்டது. வாய் வெந்தது. இமைகள் ஒட்டின. முதுகில் கொப்புளம் உடைந்து, தோல் ரவிக்கை மாதிரி கழன்றது. கழன்ற தோல் அவளை முந்திக்கொண்டு போயிற்று.

“நில்லு, நானும் வாரேன்.”

“நீ மெதுவா வா,” என்றது தோல். “எனக்குத்தான வியாதி.”

தோல் வாசற்படி தாண்டியது. ஆவுடை அதன் காலில் விழுந்தாள். தெருவே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குலவையிட்டது. டாக்டரம்மா தோலைப் படுக்க வைத்து நாடி பிடித்தார்.

“நல்ல வேளை, நேரத்துக்கு வந்துட்டீங்க.”

வண்டி கிளம்பியது. டாக்டரம்மாவும் அதிலேயே போனார்.

செண்பகவடிவு கூடத்தின் நடுவில் நின்றாள். மின்விசிறிக் காற்று பட்ட இடமெல்லாம் எரிந்தது. கத்த வாய் திறந்தாள். ஆவுடை அதற்குத்தான் காத்திருந்தவள் போல, ஒரு கையில் சொம்பும் மறு கையில் மாத்திரையுமாக வந்தாள்.

“அம்மா இறங்கிட்டா மைனி, இனி பயமில்ல. மாத்திரைய ஒரு வேளகூட விடக் கூடாதுன்னு தந்த அன்னைக்கே டாக்டரம்மா சொல்லிருக்காவல்லா.”