மிளகாய்மேல் விழுந்த பழி

பூட்டுக்காரருக்கு வயிறு வலித்தால் திட்டு வாங்குவது அவர் மனைவி. "இவ கைக் காரம்தான் என் தம்பி வயித்தை அரிக்குது" என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மனைவி மிளகாயை நிறுத்திப் பார்த்தாள், புளிப்பைக் குறைத்துப் பார்த்தாள். வலி குறைந்தபாடில்லை. பூட்டுக்காரர் இரண்டு வேளையும் அடுத்த தெருவில் அக்கா வீட்டில் கை நனைக்க ஆரம்பித்தார். அங்கேயும் வலித்தது. "பழைய காரம் உள்ள தங்கியிருக்கு" என்றாள் அக்கா. தெருவும் தலையாட்டியது. ராசியில்லாத கையோ என்று மனைவிக்கே சந்தேகம் வந்து, நொந்துபோனாள்.

மலம் கறுப்பாகப் போன பிறகுதான் மனுஷர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவளும் கூடப் போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"இது கிருமி வேலை. தன்னைச் சுத்தி இருக்கற அமிலத்தை முறிச்சுக்கிட்டே போகும். வயித்துச் சுவர் மேல கொழகொழன்னு ஒரு பூச்சு இருக்கு, அதைத் துளைச்சுக் குடியேறிடும். பூச்சு பலமிழந்ததும் நம்ம அமிலமே சுவரை அரிச்சுப் புண்ணாக்கிடும்."

"கதவு பூட்டியிருக்கும்போதே உள்ள போயிட்டானா?" பூட்டுக்காரருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப காரம்?" என்றாள் மனைவி. இதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"காரம் எரிய வைக்கலாம். புண்ணை உண்டாக்காது. இந்தக் கிருமி அநேகமா சின்ன வயசுல, பொறந்த வீட்டுலயே ஒட்டிக்கிறது. கூடப் பொறந்தவங்களுக்கு வலி இருந்தா அவங்களும் வந்து பாத்துக்கட்டும். மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதீங்க."

வெளியே வந்ததும் அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மருந்துக்கடையில் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் வாயைத் திறந்தார்.

"அக்கா காதுல இதைப் போட்டுடாதே. பாவம், மனசு கஷ்டப்படும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் பெரிய மனசு பண்ணினார். "இன்னையிலேருந்து நம்ம வீட்டுலயே சாப்பிடறேன்."

"ஒருத்திக்கு மட்டும் சமைச்சே பழகிட்டேன்" என்றாள் அவள். "அக்கா வீட்டுலயே சாப்பிடுங்க. இது என் கைக் காரம் இல்லைன்னு அங்கேயே, நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லிட்டு வாங்க. அப்புறம் உங்களுக்கும் சேத்து சமைக்கிறேன்."

பூட்டுக்காரர் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.